பள்ளி நூலகத்தில் இணையக் கருவிகளும் மாணவர் ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே, கோரையாற்றுப் பாசனத்தின் கடைமடையில் உள்ள ஒரு பள்ளியில் நூலகராக இருக்கிறேன். எட்டு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் செய்யும் ஆய்வுத் திட்டங்களுக்குக் காலக்கோடு, வரைபடம், பகிர்தாள் போன்ற இணையக் கருவிகளை நூலகத்திலேயே வைத்துப் பயன்படுத்துகிறோம். பெற்றோர், மற்றப் பள்ளி ஆசிரியர்கள், பிள்ளைகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கணினி ஆசிரியர் இருக்கும்போது நூலகர் எதற்கு இதில் இறங்க வேண்டும்?

எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று சொல்லிக்கொடுப்பது கணினி ஆசிரியரின் வேலை. எங்கள் பள்ளியில் அவர் துணையில்லாமல் ஒரு வேலையும் நடப்பதில்லை. ஆனால் "இந்தச் செய்தி உனக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்பது நூலகரின் வேலை. ஆய்வுக்கு உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் நம் டெல்டாவைச் சேர்ந்தவர். 1892இல் சீர்காழியில் பிறந்தவர். நூலக அறிவியலுக்கான ஐந்து விதிகளை அவர் வெளியிட்டது 1931இல். அதே ஆண்டில்தான் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நடமாடும் நூலகம் தொடங்கியது. வாசகர் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்த மண் இது. அந்த வண்டி போகும்போது நிறைய ஏற்றிப் போனது. வரும்போது ஊரிலிருந்து எதையும் ஏற்றி வரவில்லை. இன்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை தன் தெரு, தன் வாய்க்கால், தன் அப்பாயியின் நினைவு ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குத் திரும்பி வர முடிகிறது. இணையக் கருவிகளை நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

ஊடாடும் இணையக் கருவி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

படித்துவிட்டு மூடிவிடும் பக்கத்தைச் சொல்லவில்லை. பிள்ளை தானே எழுதி, சேர்த்து, மாற்றி, மற்றவர் சேர்த்ததைப் பார்க்கக்கூடிய பக்கத்தைச் சொல்கிறேன். நாங்கள் அதிகம் கையாள்வது கூகுள் ஷீட்ஸ் விரிதாள். நான்கு பேர் நான்கு இடத்திலிருந்து ஒரே தாளில் எழுதலாம். அந்தத் தாளையே அடிப்படையாகக் கொண்டு காலக்கோடு வரையும் டைம்லைன் ஜேஎஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உள்ள நைட் லேப் உருவாக்கியது. ஆண்டு, தலைப்பு, விளக்கம், பட இணைப்பு என்று விரிதாளில் வரிசையாக நிரப்பினால், விரலால் தள்ளிப் பார்க்கும் காலக்கோடாக அது மாறிவிடும். வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாகக் கொண்ட யூமேப். இதில் கணக்குத் தொடங்காமலே வரைபடம் செய்யலாம் என்பது எங்களுக்குப் பெரிய வசதி. ஊராரிடம் கேட்ட தகவலைத் திரட்ட கூகுள் ஃபார்ம்ஸ்.

இவ்வளவுதான். ஆண்டுக்கொரு புதிய கருவியைத் துரத்துவதில்லை. இந்த நான்கை நன்றாகப் பழகினால் போதும்.

ஆய்வுத் தலைப்பை யார் தருவது? பிள்ளைக்கு என்ன தெரியும்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் "காவிரி ஆறு" என்று தலைப்புக் கொடுப்போம். பிள்ளைகள் சார்ட் வாங்குவார்கள். ஜெராக்ஸ் கடையில் படம் அச்சிட்டு ஒட்டுவார்கள். தலைக்காவிரியில் பிறக்கிறது, சுமார் 800 கிலோமீட்டர் ஓடுகிறது, வங்கக் கடலில் கலக்கிறது என்று நாற்பது பேரும் ஒன்றையே எழுதுவார்கள். கடைக்காரரிடம் அந்தக் கோப்பு தயாராகவே இருக்கும். எழுதிய பிள்ளையின் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

தலைப்பை விட்டுவிட்டுக் கேள்வியைக் கேட்கச் சொன்ன பிறகு நிலைமை மாறியது. ஒன்பதாம் வகுப்புக் குழு ஒன்று கேட்ட கேள்வி: "மேட்டூரில் தண்ணீர் திறந்த எத்தனையாவது நாளில் எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது?" கேட்டவள் விவசாயக் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பெண். அவள் வீட்டில் ஆண்டுதோறும் பேசும் பேச்சே அதுதான். இணையத்தில் எங்கும் விடை இல்லாத கேள்வி அது. அதனால்தான் எனக்குப் பிடித்தது.

முதலில் கிடைப்பதைத் திரட்டினார்கள். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி. குறுவை நெல் பருவத்துக்காகத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. பழைய செய்தித்தாள்களையும் இணையப் பதிப்புகளையும் ஒப்பிட்டு அண்மைக் கால நாட்களை விரிதாளில் ஏற்றினார்கள். 2018இல் ஜூலை 19. 2019இல் ஆகஸ்ட் 13. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உரிய நாளில் திறந்தது 2020 ஜூன் 12. மறு ஆண்டும் அதே நாள். 2022இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 2023இல் மீண்டும் ஜூன் 12. 2024இல் ஜூலை 28. 2025இல் ஜூன் 12. இதைக் காலக்கோடாக மாற்றிப் பெரிய திரையில் காட்டியபோது வகுப்பே அமைதியானது. குறுவை தவறிய ஆண்டு எது, தங்கள் வீட்டில் கடன் வாங்கிய ஆண்டு எது என்று பிள்ளைகள் தாங்களே பொருத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது கடினமான பகுதி. தங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த நாளை யாரிடம் கேட்பது? இரண்டு பெரியவர்களிடம் கேட்டார்கள். 2022ஆம் ஆண்டுக்கு இருவரும் இரண்டு வாரம் தள்ளித் தள்ளி வேறு வேறு நாளைச் சொன்னார்கள். எது சரி என்று குழம்பி நூலகத்துக்கு வந்தார்கள். "மூன்றாவது சான்று இருக்கிறதா என்று பாருங்கள்" என்றேன். இரண்டு நாள் கழித்து அந்தக் குழுவில் ஒரு பையன் சணல் கயிற்றில் கட்டிய பழைய மாத நாட்காட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் தாத்தாவுடையவை. ஆணியில் மாட்டி மாட்டி மேல் ஓரம் கிழிந்திருந்தது. பால் கணக்கு, கூலி, கோவில் வரி, மாடு சினைக்கு விட்ட நாள் எல்லாம் பென்சிலில் பொடி எழுத்தில் குறித்திருந்தார். ஆண்டுக்கு ஒரு கட்டத்தில் மட்டும் எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டு "தண்ணீர்" என்று எழுதியிருந்தார். பென்சில் கோடு மங்கி, வட்டத்தில் பாதி அழிந்துபோயிருந்தது. சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது.

அந்தத் தாள்களைப் படமெடுத்துக் காலக்கோட்டில் சேர்த்தோம். சான்று என்றால் என்ன என்று நான் ஒரு மாதம் பாடம் நடத்தியிருந்தாலும் அந்தப் பென்சில் வட்டம் கற்றுக்கொடுத்ததைக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

அதனால் என் பதில்: தலைப்பை நாம் தர வேண்டாம். விரிதாளில் ஐந்து பத்திகளை (நெடுவரிசைகளை) மட்டும் நாம் தரலாம். என்ன? எங்கே? எப்போது? யார் சொன்னது? எப்படி உறுதி செய்தாய்? நான்காவதும் ஐந்தாவதும் காலியாக இருக்கும் வரிசை காலக்கோட்டுக்கும் வரைபடத்துக்கும் போகாது. இதில் நான் யாருக்கும் விலக்கு அளிப்பதில்லை.

எங்கள் பிள்ளையிடம் கைபேசி இல்லை, வீட்டில் இணையமும் இல்லை. என்ன செய்வது?

வாங்கித் தர வேண்டாம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது போலத்தான் எங்கள் பள்ளிக்கும் இணையம் வருகிறது. வரும்போது பயன்படுத்துவோம், வராதபோது இணையம் இல்லாமலே ஆகும் வேலையைச் செய்துவைப்போம். நேரில் கேட்பது, குறிப்பேட்டில் எழுதுவது, கையால் வரைபடம் போடுவது எல்லாம் வீட்டிலும் ஊரிலும் நடக்கும். விரிதாளில் ஏற்றுவது வாரத்தில் இரண்டு பாடவேளை நூலகத்தில் நடக்கும். குழுவில் கைபேசி உள்ள பிள்ளைக்குத் தனி மதிப்பு வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். தட்டச்சு செய்பவர் வாரம் ஒருவராக மாறுவார்.

ஊரில் எடுக்கும் படங்களுக்கு மட்டும் பள்ளியின் ஒரு கைபேசியைக் கொடுத்தனுப்புகிறோம்.

தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்களே?

கிடைக்கும். ஆனால் நமக்குத் தெரிந்த ஒரே எழுத்துக்கோவையில் தேடினால் கிடைக்காது. "காவிரி" என்று தேடியவர் "காவேரி" என்றும் தேட வேண்டும். கும்பகோணத்தைக் குடந்தை என்றும் திருக்குடந்தை என்றும், நாகப்பட்டினத்தை நாகை என்றும், மயிலாடுதுறையைப் பழைய பெயரான மாயவரம், மாயூரம் என்றும் தேட வேண்டும். தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்தாலே சொல்லின் வடிவம் மாறிவிடும். "குளம்" என்று தேடினால் "குளத்தில்" என்று எழுதிய பக்கம் வராமல் போகலாம். அதையும் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆங்கில ஆவணங்களுக்குள் போகும்போது இன்னொரு பூட்டு. வெள்ளைக்காரர்கள் தஞ்சாவூரை டாஞ்சோர் என்றும், கொள்ளிடத்தைக் கோலரூன் என்றும், நாகப்பட்டினத்தை நெகபட்டாம் என்றும், தரங்கம்பாடியை டிராங்கிபார் என்றும் எழுதினார்கள். ஹெமிங்வே என்ற ஆங்கிலேய அதிகாரி தொகுத்த 1906ஆம் ஆண்டுத் தஞ்சாவூர் மாவட்டக் கெசட்டியரில் இன்றைய எழுத்துக்கோவையோடு தேடிச் சலித்துப்போன பிள்ளை, பழைய பெயரைப் போட்டதும் துள்ளிக் குதித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு குழுவும் முதல் வாரத்தில் ஒரு "பெயர்ப் பட்டியல்" தயாரிக்க வேண்டும். ஓர் இடத்துக்கு எத்தனை பெயர், எத்தனை எழுத்து வடிவம் என்று எழுத வேண்டும். தேடுவது அதற்குப் பிறகு.

மூன்றாவது தடை பழைய அச்சு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முந்தைய நூல்களில் லை, ணை, னை போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போல் மேலே வளைந்த கொம்போடு இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் வேறு வடிவில் இருக்கும். படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இவற்றில் தடுக்கி விழும். நூல் இணையத்தில் இருக்கும், ஆனால் தேடலில் அகப்படாது. பல நூல்கள் பக்கங்களின் படமாக மட்டுமே ஏற்றப்பட்டிருப்பதால் உள்ளே தேடவே முடியாது. அப்போது பொருளடக்கத்தைத் திறந்து விரல் வைத்துப் படிப்பதுதான் வழி. பாட்டி வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அந்த எழுத்துகளை முதலில் கண்ணுக்குப் பழக்குகிறேன். அரை மணி நேரம் போதும்.

நம்பிப் போகக்கூடிய தளங்கள் எவை?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்தான் எங்கள் முதல் படி. பழைய நூல்கள், இதழ்கள், சுவடிகள் என்று பெருந்திரட்டு அங்கே இருக்கிறது. இலக்கிய மூலங்களுக்கு, 1998 பொங்கல் அன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், பிறகு தமிழ் விக்கிமூலம். இவற்றில் எழுத்தாகவே இருப்பதால் தேடுவது எளிது. ஆங்கிலேயர் காலத்து நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவ். நிலத்தை மேலிருந்து பார்க்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் புவன் தளம் இருக்கிறது, 2009இல் தொடங்கியது. கூகுள் எர்த்தில் 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை ஓடவிட்டுப் பார்க்கும் வசதியும் உண்டு. வேதாரண்யம் உப்பளங்களையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் அதில் ஓடவிட்டுக் காட்டினால் மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்து போக மாட்டார்கள்.

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தை மறந்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரப் பஸ் பயணம். ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட்டிப்போகிறோம்.

ஒரு வலைப்பக்கம் சொல்வது உண்மையா என்று பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

பக்கத்தின் அழகைப் பார்த்து முடிவு செய்யாதே என்பதுதான் முதல் பாடம். அமெரிக்காவில் மைக் கால்ஃபீல்ட் என்ற கல்வியாளர் நான்கு படிகளாக இதை வகுத்தார். நாங்கள் அதைத் தமிழில் "நில், ஆள் யார் பார், வேறு யார் சொல்கிறார் பார், மூலத்துக்குப் போ" என்று சொல்லிப் பழகுகிறோம். இவற்றில் மூன்றாவதுதான் பலன் தருவது. அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலும் கீழும் படித்துக்கொண்டிருக்காமல், வேறொரு தாவலைத் திறந்து மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது.

கல்லணையை எடுத்துக்கொள்வோம். "கரிகாலன் கட்டியது கட்டியபடியே இன்றும் நிற்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை ஒரு மாணவன் அப்படியே வரைபடத்தில் ஏற்றினான். ஐந்தாவது பத்தி காலியாக இருந்ததால் நிறுத்திவைத்தேன். அவனே போய்த் தேடினான். கரிகாலன் பெயரோடு இணைத்துப் போற்றப்படும் பழைய அணை ஒன்று; இன்று நாம் மேலே நடந்துபோகும் பாலமும் ஷட்டர்களும் பிற்காலத்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இங்கே வேலை செய்தார். கொள்ளிடம் காவிரித் தண்ணீரை இழுத்துக்கொண்டு போனதால்தான் முக்கொம்பில் மேலணை 1836ஆம் ஆண்டு வாக்கில் எழுந்தது. இதையெல்லாம் படித்துவிட்டு வந்து, "அப்படியானால் கரிகாலன் கட்டவில்லையா?" என்று வருத்தத்தோடு கேட்டான். பழைய கட்டுமானத்தின் மேல் அடுத்தடுத்த தலைமுறைகள் வேலை செய்து வந்திருப்பதுதான் கல்லணையின் பெருமை என்று சொன்னேன். காட்டனுக்கே அந்தப் பழைய அணையைப் பார்த்துத்தான் ஆற்று மணலில் அடித்தளம் போடும் நுட்பம் பிடிபட்டது என்றும் சொன்னேன். வரைபடத்தில் ஒரே புள்ளிக்கு மூன்று குறிப்புகள் எழுதினான். மூன்றும் நன்றாக இருந்தன.

விக்கிப்பீடியாவைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா நம் மக்கள் உழைத்து வளர்த்தது. கட்டுரையைப் படித்துவிட்டு அடிக்குறிப்புகளுக்குப் போக வேண்டும். "யார் சொன்னது" பத்தியில் அந்த மூலத்தை எழுத வேண்டும். "விக்கிப்பீடியா" என்று எழுதக் கூடாது. அடிக்குறிப்பே இல்லாத வரியை எடுக்கக் கூடாது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நொடியில் எழுதித் தந்துவிடுகிறதே, பிறகு ஏன் இவ்வளவு பாடு?

பெற்றோர் கூட்டத்தில் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பிள்ளைகள் முன்னிலையிலேயே ஒரு சோதனை செய்தோம். எங்கள் ஊர்க் குளத்தை வெட்டியவர் யார் என்று அப்படிப்பட்ட ஒரு செயலியிடம் கேட்டோம். தடுமாற்றமே இல்லாமல் ஒரு சோழ அரசியின் பெயரைச் சொன்னது. மறுநாள் அதே கேள்வியைக் கேட்டோம். மராட்டிய மன்னர் ஒருவர் என்றது. இரண்டு விடையும் அழகான தமிழில், ஒரு பிழையும் இல்லாமல் இருந்தன. குளத்தங்கரையில் இருக்கும் உடைந்த கல்வெட்டைப் பற்றி இரண்டும் பேசவில்லை.

நன்றாக எழுதப்பட்டிருப்பதால் ஒன்று உண்மையாகிவிடாது என்பதைப் பிள்ளைகள் அன்று கண்ணால் பார்த்தார்கள். அதற்காக நான் அதைத் தடை செய்யவில்லை. தேடுவதற்கு வேறு சொற்கள் கேட்கலாம். கடினமான ஆங்கிலப் பத்தியை எளிதாக்கித் தரச் சொல்லி, பிறகு மூலத்தோடு ஒப்பிடலாம். பேட்டிக்குப் போகுமுன் என்னென்ன கேட்கலாம் என்று யோசனை கேட்கலாம். ஆனால் "யார் சொன்னது" பத்தியில் அதன் பெயர் வரக் கூடாது. அந்தப் பத்தியில் ஒரு மனிதர், ஒரு நூல், ஓர் ஆவணம், ஒரு கல், ஒரு மரம் ஏதாவது இருக்க வேண்டும். போய்ப் பார்க்க முடிந்த ஒன்றாக இருக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் படங்களை ஒட்டிக்கொள்ளலாமா?

கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கக் கூடாது. விக்கிமீடியா காமன்சில் பயன்படுத்த அனுமதித்த படங்கள் இருக்கின்றன. எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் கீழே எழுதினால் போதும். நூல்களைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகளுக்கு அந்தக் கவலை இல்லை. இவை எல்லாவற்றையும்விட, பிள்ளையே எடுத்த படம் சற்றுச் சாய்ந்திருந்தாலும் எனக்கு அதுதான் வேண்டும்.

பிள்ளையின் பெயரும் படமும் இணையத்தில் வருமா?

வராது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எங்கள் விரிதாள்கள் பள்ளிக் கணக்கில் இருக்கின்றன. வெளியே தெரியும் காலக்கோட்டிலும் வரைபடத்திலும் குழுவின் பெயர் மட்டும் இருக்கும். குழுக்களுக்கு ஆறுகளின் பெயர். வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, பாமணியாறு. பேட்டி கொடுக்கும் பெரியவர்களிடமும் ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். பதிவை அவர்களுக்கே முதலில் போட்டுக்காட்ட வேண்டும். "இதை எடுத்துவிடு அய்யா" என்று ஒருவர் சொன்னால் மறு பேச்சில்லாமல் எடுத்துவிட வேண்டும்.

வீடுகளை வரைபடத்தில் குறிப்பதில்லை. மதகு, குளம், கோவில், பள்ளிவாசல், களம், நெல் கொள்முதல் நிலையம் போன்ற பொது இடங்களை மட்டும் குறிக்கிறோம்.

சாதி, மோதல் போன்ற சிக்கலான விஷயங்களைப் பிள்ளை எடுத்தால் அனுமதிப்பீர்களா?

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கீழ்வெண்மணி பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்றாள். ஆசிரியர் அறையில் தயங்கினார்கள். அவர்கள் அச்சம் எனக்குப் புரிந்தது. ஆனால் 1968 டிசம்பர் 25 அன்று இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது இந்த வயல்களுக்கு நடுவேதான். கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. அறுவடைக் கூலியைப் பற்றித் தன் பாட்டியிடம் கேட்கத் தொடங்கிய ஒரு பெண் இந்த இடத்துக்கு வந்து சேராமல் இருக்க முடியாது. வர வேண்டாம் என்று தடுக்க எனக்கு உரிமை இல்லை.

அனுமதித்தோம். நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, எந்தச் செய்தியையும் ஒரே மூலத்தை வைத்து எழுதக் கூடாது. அன்றைய செய்தித்தாள் சொன்னது, நீதிமன்றம் சொன்னது, உயிர் பிழைத்தவர்கள் சொன்னதாகப் பதிவானது ஆகிய மூன்றையும் தனித்தனிப் பத்தியில் வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுபடுகிறது என்று காட்ட வேண்டும். இரண்டு, ஊரில் யாரையும் நேரில் போய்க் கிளறிக் கேட்கக் கூடாது. கண்ணீரைச் சான்றாகத் திரட்ட ஒரு பள்ளிப் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவள் செய்த காலக்கோட்டில் பட விளைவுகள் எதுவும் இல்லை. கறுப்புப் பின்னணியில் நாட்களும் மூலங்களும் மட்டும் இருந்தன. அதைப் படித்து முடிக்க எனக்கு ஒரு முழுப் பாடவேளை ஆனது.

தெருப் பெயர்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பழைய வரைபடங்களில் தெருக்கள் சாதிப் பெயரோடு இருக்கும். மூலத்தில் இருப்பதை மறைக்கச் சொல்வதில்லை. ஆனால் பிள்ளை தன் வரைபடத்தில் இன்றைய பெயரை எழுத வேண்டும்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள்?

காலக்கோடு மினுங்குவதற்கு மதிப்பெண் இல்லை. "எப்படி உறுதி செய்தாய்" பத்தியைப் படித்துத்தான் போடுகிறோம். தவறென்று தெரிந்து நீக்கிய வரிசைகளை விரிதாளின் இன்னொரு பக்கத்தில் சேர்த்துவைக்கச் சொல்கிறேன். ஏன் நீக்கினாய் என்று ஒரு வரி எழுதினால் அதற்கும் மதிப்பெண் உண்டு. இதைச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் தவறை மறைப்பதை நிறுத்தினார்கள்.

ஆண்டு முடிந்ததும் இந்த ஆய்வுகள் என்ன ஆகின்றன?

இதில் ஒருமுறை அடிபட்டோம். இலவசமாக இருந்த ஒரு தளம் திடீரென்று கட்டணம் கேட்டது. இரண்டு ஆண்டுகளின் வேலை அதற்குள் பூட்டிக்கொண்டது. அன்றிலிருந்து மூன்று பழக்கங்கள். பருவ இறுதியில் ஒவ்வொரு விரிதாளையும் இறக்கி, பள்ளிக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் வைக்கிறோம். மேற்கோள் காட்டிய வலைப்பக்கங்களை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் சேமித்து, அந்த இணைப்பையும் தாளில் எழுதுகிறோம். கடைசியாக, ஆய்வை அச்சிட்டுத் தைத்து, மற்ற நூல்களைப் போலவே பதிவேட்டில் எண் கொடுத்து அலமாரியில் வைக்கிறோம். தங்கள் குழுவின் எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

மேட்டூர் விரிதாளை மட்டும் மூடவில்லை. அந்த ஒன்பதாம் வகுப்புக் குழு அடுத்த வகுப்புக்குப் போகும்போது, தாளின் இணைப்பை அடுத்த குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. நாட்காட்டி வைத்திருந்த தாத்தா இப்போது தண்ணீர் வந்த நாளைப் பேரனிடம் சொல்லி அனுப்புகிறார். அடுத்த ஆண்டுக்கான வரிசையில் ஆண்டை மட்டும் பிள்ளைகள் எழுதிவைத்திருக்கிறார்கள். மற்ற நான்கு கட்டங்களும் காலியாக இருக்கின்றன.